பஸ் நிற்காத செம்மணல்

கையில் கிரீஸும் வாயில் கதையும் காயாத என் மாமாவுக்கு,

உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. திருநின்றவூருக்கும் குமணன்சாவடிக்கும் நடுவில் கடிதம் எதற்கு? பஸ் ஏறினால் உங்கள் லேத் பட்டறை வாசலில் இறங்கிவிடுவேன். நீங்கள் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தப் பட்டறைதான். இப்போது நீங்கள் இருக்கும் ஊருக்குப் பஸ் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. பூந்தமல்லியில் தூண்களுக்கு மேலே சோதனை ரயில் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆளில்லாத பெட்டிகள் விளக்கை மட்டும் ஏற்றிக்கொண்டு, தூக்கத்தில் நடப்பதுபோல மெதுவாகப் போகின்றன. உங்கள் பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட செல்போன் கடை. அந்தப் பக்கம் போனால் நான் எதிர்ச்சாரியில் நடக்கிறேன்.

அடுத்த செய்திக்காகத்தான் இந்தக் கடிதம். உங்கள் மகள் ஜனனி உங்கள் பாலைவனத்துக்கு டிக்கெட் பார்க்கிறாள்.

நினைவிருக்கிறதா? உடன்குடிப் பக்கம் ஒரு மில்லுக்கு மெஷின் பூட்டப் போனீர்கள். திரும்பி வந்தபோது ஒரு கையில் கருப்பட்டிப் பெட்டி, முகத்தில் காதலித்தவனின் களை. அக்காகூடச் சந்தேகப்பட்டாள்.

"மச்சான், இன்னா சொல்றது போ. ஒரு பக்கம் செவசெவன்னு பாலைவனம். இன்னொரு பக்கம் கடலு. நடுவுல ஒரு ரோடு, அதுல என் பஸ்ஸு. நிறுத்துப்பான்னு வாயத் தொறக்கறதுக்குள்ள தாண்டிட்டான்."

நான் படித்தவன் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? அது பாலைவனம் இல்லை, தேரி, காற்று அள்ளிக்கொண்டு வந்து குவித்த செம்மணல் என்று திருத்தினேன். நீங்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "நீ இன்னா பேரு வேணா வெச்சிக்கோ. ஒட்டகம் ஒண்ணுதான் கொறை," என்றீர்கள்.

அன்றிலிருந்து நாம் எத்தனை முறை அங்கே போனோம், மாமா! ஞாயிறு மதியம் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் போதும். பக்கத்துக் கடலோர ஊரான மணப்பாட்டில் ரூம். காலையில் தேரி, சாயங்காலம் கடல். தரையில் கிடந்த இரும்புச் சுருள்களைக் காலால் ஒதுக்கி, அலை இப்படி வரும், மணல் மேடு இப்படி ஏறும் என்று காட்டுவீர்கள். ஒரு வருஷம் ஆர்டர், ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் ஜனனிக்குப் பரீட்சை என்று பயணம் தள்ளிக்கொண்டே போனது. பட்டறையை விட்டு எழுந்திருக்காமலே நாம் அந்தக் கடலில் நனைந்து திரும்பினோம்.

பிறகு நீங்கள் தனியாகக் கிளம்பிவிட்டீர்கள்.

அந்த நாளைப் பற்றி உங்களிடம் புகார் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? செய்தி வந்தபோது நான் ஆபீஸ் வேலையாகப் பெங்களூரில் இருந்தேன். கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது, வந்துவிட்டேன், பொறுங்கள் என்று வீட்டுக்குப் போன் செய்தேன். பூந்தமல்லியில் மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட இடத்தில் பஸ் அசையாமல் நின்றது. இறங்க வேண்டாத இடத்தில் மட்டும் பஸ் எவ்வளவு அழகாக நிற்கிறது!

குமணன்சாவடியில் இறங்கினால் ரோடு முழுக்கச் சாமந்தி இதழ். உங்களை எடுத்துவிட்டார்கள். நான் அந்தப் பூவை மிதிக்காமல் ஓரமாக நடந்தே வீட்டுக்குப் போனேன்.

அதையாவது தாங்கிக்கொண்டிருப்பேன். வீட்டில் அக்கா பிறந்த வீட்டுக் கோடியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவனை இழந்தவளுக்கு உடன்பிறந்தவன் போட வேண்டிய சேலை அது. என் இடத்தில் நின்று பெரியப்பா மகன் முரளி போட்டிருந்தான். நான் உயிரோடு, பக்கத்து ஊர்வரை வந்துகொண்டிருக்கும்போதே.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எனக்கு வர வேண்டிய நாற்காலியில் ஜூனியரை உட்காரவைத்த மேனேஜரோடு அவர் ரிட்டயர் ஆகும்வரை நான் பேசவில்லை. என் குடியிருப்பின் செயலாளர் லிஃப்டில் இருந்தால் படியேறிப் போகிறேன். இது மட்டும் லேசில் ஆறுமா? அன்றோடு அக்கா வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன். அக்காவுக்கு வருஷா வருஷம் எடுத்துத் தரும் பொங்கல் சேலையையும் நிறுத்தினேன். அதுதான் முரளி இருக்கிறானே.

இப்படியிருக்கும்போதுதான் ஜனனி என் வீட்டுக்கு வந்தாள். உங்கள் மூக்கு, உங்கள் அவசரம். போனை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினாள். எழும்பூரில் ரயில் ஏறினால் விடியும்போது தென்கோடி. கடலைப் பார்த்த அறை, முற்றத்தில் ஊஞ்சல். அலைமேல் பலகை போட்டுச் சறுக்கவும் கற்றுத்தருகிறார்களாம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்கள் அந்தப் பலகையில் நிற்பதை நினைத்துச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. அம்மா கேட்டுவரச் சொன்னாள், நீங்களும் வர வேண்டும் மாமா என்றாள். கோடி போட ஆள் கிடைத்த மாதிரி துணைக்குப் போகவும் முரளி கிடைப்பான் என்றேன். குழந்தை முகம் வாடிப் போய்விட்டது.

அவளை அனுப்பிவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏரிக்கரையில் உட்கார்ந்து, வானத்திலிருந்து எடுத்த அந்த ஊரின் படத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலத்தை ஒட்டி ஒரு பெரிய சிவப்பு, வெற்றிலை போட்ட நாக்குபோல. விரலால் விரித்தால் பனைமரங்களின் நிழல்கள்கூடத் தெரிகின்றன. அந்த ரோட்டை விரலால் தடவிக்கொண்டே போனேன். உங்கள் பஸ் போன ரோடு இதுதானா? எந்த வளைவில் வாயைத் திறந்தீர்கள்?

மறுநாள் மதியத் தூக்கத்தில் நீங்கள் வந்தீர்கள். மணல் மேட்டில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். காற்று மணலைச் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டே இருந்தது, உங்கள் மெஷின் இரும்பைச் சீவுவதுபோல. நான் கீழே ஏதோ வண்டிக்குள் இருந்தேன். கதவு திறக்கவில்லை. நீங்கள் கூப்பிடவும் இல்லை, போகவும் இல்லை.

கண் விழித்தது காலிங்பெல் சத்தத்தில். வாசலில் அக்கா.

வெயிலில் பஸ் மாறி வந்திருந்தாள். காபி வேண்டாம் என்றாள், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாள், வீடு கீற லட்சணத்தைப் பார் என்று ஆரம்பித்து என் சமையல், என் நரை, ஜனனியை அழவைத்த என் வாய் எல்லாவற்றையும் வரிசையாகத் திட்டினாள். கட்டியிருந்த சேலை பல தடவை துவைத்து வெளுத்தது. எப்போதோ ஒரு பொங்கலுக்கு நான் எடுத்துத் தந்த பச்சை என்று முந்தானையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது நான் கேட்டேன்: ஏன் எனக்காகக் காத்திருக்கவில்லை?

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் முரளிய போடச் சொன்னேன். ஜனனி வயித்துல இருந்தப்ப சீமந்தத்துக்குப் பொடவை எட்த்தாந்த கைடா இது. பொங்கலுக்குப் பொங்கல் எட்த்தாந்த கை. இதே கையால கோடி வாங்கிக்கினா, அப்பால நீ எத்த எட்த்தாந்தாலும் எனக்கு அன்னிக்கி நெனப்புதான் வரும். முரளி போட்டா போட்டுட்டுப் போறான். அவன் கை எனக்கு எதுக்கு?"

இதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீ கேட்டியா? மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு போய்ட்ட. சரி, பொங்கலுக்கு வருவான், அப்ப சொல்லிக்கலாம்னு கீறேன். நீ எட்டிக்கூடப் பாக்கல."

ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. அவள் எழுந்துபோய் என் சிங்க்கில் கிடந்த பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாள். என் கையை அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்திருக்கிறாள். நானோ அந்தக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு இது தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் கனவில் வந்து நின்றீர்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

நேற்றுப் பூந்தமல்லி போனேன். துணிக்கடையில் சேலை எடுத்துப்போடும் பெண், யாருக்கு சார் என்றாள். அக்காவுக்கு என்றேன். வயசானவங்களா, டல் கலர் காட்டட்டுமா என்றாள். நான் போனை எடுத்து அந்தச் சிவப்பைக் காட்டினேன். இந்தக் கலர் என்றேன். அவள் எதுவும் கேட்காமல் உள்ளே போய் மூன்று சேலை கொண்டுவந்தாள். மூன்றும் சரியாக இல்லை. நான்காவது, நீங்களே மண்ணை அள்ளிக் காட்டியதுபோல இருந்தது. வெளியே வந்து குமணன்சாவடிவரை நடந்தபோது தலைக்கு மேல் அந்தக் காலி ரயில் போனது. இந்த முறை எதிர்ச்சாரிக்குப் போகவில்லை. உங்கள் பட்டறை வாசலிலேயே நின்று அது மறையும்வரை பார்த்தேன்.

முரளியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவன் மேல் தப்பில்லை என்று தெரிந்தபின்பும் மனசு வரவில்லை. இத்தனை நாள் வளர்த்த கோபம், அதற்கும் போக ஓர் இடம் வேண்டாமா?

ஜனனியிடம் மூன்று பேருக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். திருச்செந்தூரில் இறங்கியதும் கார் சொல்லட்டுமா என்றாள். வேண்டாம், பஸ்தான் என்றேன். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த அக்காவுக்குப் புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒரு பக்கம் சிவப்பும் இன்னொரு பக்கம் நீலமும் தெரியத் தொடங்கும்போதே நான் எழுந்து டிரைவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். நிறுத்தம் இல்லை என்பார்கள், நேரமாகிறது என்பார்கள். சண்டை போட எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? பஸ் நிற்கும். அக்கா அந்தச் செம்மணல் நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இறங்காத இடத்தில் இறங்குவாள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரிக்கு வரும் பொங்கலுக்கான சேலையை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கும்
உங்கள் மச்சான் தயாளன்