பை சல்பேட்

1943 அக்டோபர் 11, திங்கள்

காலையிலிருந்து மழை. டாக்டர் சடகோபன் அரக்கோணத்தில் பட்டாளக்காரர்களின் காய்ச்சலைப் பார்க்கப் போய் ஆறு நாள் ஆகிறது. மருந்தகத்தில் கம்பவுண்டர் நான் ஒருவன்தான். குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் குயினைன் சல்பேட் டப்பா காலி. மருந்து வாங்கிவர அனுப்பியிருந்த எடுபிடி துரைக்கண்ணு மாலை ரயிலில் நனைந்துகொண்டே வந்து ஒரு துணிப்பையை நீட்டினான். அதில் கட்டியிருந்த சீட்டில் மை கரைந்து ஓர் எழுத்தும் இல்லை.

"பை சல்பேட்டு குடுத்துக்கிறாங்கண்ணே. இனிமே இதான் வருமாம்."

யுத்தத்தில் தகரத்துக்குப் பஞ்சம். டப்பாவுக்குப் பதில் பை. எதில் வந்தால் என்ன, வந்ததே.

அக்டோபர் 14

நல்ல சரக்கு. சல்பேட் தண்ணீரில் லேசில் கரையாமல் என்னைப் பாடாய்ப் படுத்தும். ஆசிட் சொட்டு விட்டால்தான் வழிக்கு வரும். இது தானாகக் கரைகிறது. ஒரு வேலை மிச்சம்.

வீட்டில் தேவகிக்கு நேற்று முதல் குளிர்காய்ச்சல். வழக்கம்போல் வேளைக்குப் பத்து கிரெய்ன் எடை மருந்து.

அக்டோபர் 17

காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கிறது. மூன்று வேளையும் நானே வாயில் ஊற்றுகிறேன். "ஊருக்கெல்லாம் இதையா பாவா குடுத்துகினு இருந்தீங்க, பாவம் ஜனங்க" என்று முகத்தைச் சுளித்தாள். மாமன் மகள்; கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியும் நான் பாவாதான். சிரித்தேன். ஆனால் பயமாக இருக்கிறது. இந்நேரம் விட்டிருக்க வேண்டாமா?

அக்டோபர் 20

தேவகி போய்விட்டாள். விடியற்காலை.

அக்டோபர் 23

டாக்டர் துக்கம் விசாரிக்க வந்தார். மாடத்தில் மிச்சமிருந்த மருந்துப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஆசிட் எவ்ளோ விட்ட, கோதண்டம்?"

"விடல சார். தானா கரைஞ்சிச்சு."

புட்டியை மூடி மாடத்திலேயே வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: அது பைசல்பேட், வேறு உப்பு, அதில் குயினைன் குறைவு. துரைக்கண்ணு மருந்தின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறான். நான்தான் துணிப்பையைப் பார்த்து, பையில் வந்த சல்பேட் என்று எடுத்துக்கொண்டேன். சரியான அளவு கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது என்றார்.

பொழைச்சிருக்க மாட்டாள்னும் அவர் சொல்லலையே.

அக்டோபர் 24

கணக்குப் போட்டேன். பரீட்சைக்குப் படித்தது இன்னும் மறக்கவில்லை, பாவி. குயினைனில் கார்பன் இருபது, 240. ஹைட்ரஜன் 24. நைட்ரஜன் இரண்டு, 28. ஆக்சிஜன் இரண்டு, 32. ஆக 324.

பழைய சல்பேட்டில் குயினைன் இரண்டு, 648. கந்தக அமிலம் 98. தண்ணீர் இரண்டு, 36. மூலக்கூறு எடை 782. நூற்றுக்கு 83 பங்கு மருந்து.

பைசல்பேட்டில் குயினைன் ஒன்றுதான், 324. அமிலம் 98. தண்ணீர் ஏழு, 126. மொத்தம் 548. நூற்றுக்கு 59.

பத்துக்குப் பதில் பதினாலு கொடுத்திருக்க வேண்டும்.

ஏழு தண்ணி. அதையும் மருந்துன்னு எடை போட்டு அவ வாயில ஊத்திகினு இருந்தேனே— தானா கரையுதுன்னு சந்தோஷம் வேற. இன்னா சல்பேட்டுடான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா?

அக்டோபர் 27

அந்தப் பையிலிருந்து மருந்து வாங்கிப் போன பதினொரு பேர் வீட்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டேன். எல்லோரும் தேறிவிட்டார்கள். அவளுக்கு மட்டும் ஏன்?

டிசம்பர் 31

ஊரெல்லாம் மலைக்கோயில் படித்திருவிழாக் கூட்டம். பள்ளிப்பட்டு நெசவுக்காரர் வேணு மனைவியோடு மருந்தகத்துக்கு வந்தார். பத்து நாளைக்கு முன் அந்த அம்மாளுக்கு வேளைக்குப் பதினாலு கிரெய்ன் கொடுத்திருந்தேன். நாலாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டதாம். மலைப்படி ஏறுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

"உங்க கைராசிங்க" என்று கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

மருந்து இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதே பைதான்.