இங்கே இருப்பவள் மேல் வழக்கு

11-6-85, செவ்வாய்

காலையிலிருந்தே புழுதிக் காற்று. கடைப் பலகை இரண்டு தரம் விழுந்தது. ஸ்டவ் வாஷர், திரி தீர்ந்துவிட்டன.

மத்தியானம் பெங்களூர் ஸ்டவ் கம்பெனி ஏஜெண்டு. மாதாமாதம் ஆர்டர் எடுக்க வருகிற ஆள்தான். இன்று ஆர்டர் கேட்கவில்லை. புஷ்பம் போட்ட நஷ்டஈட்டு கேஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறார். என்னிடம் வாங்கிய ஸ்டவ் வெடித்து இரண்டு கையும் வெந்துபோனவள். இண்டூரில் எங்கள் தெருவேதான். கம்பெனி முதல் பிரதிவாதி, நான் இரண்டாவது.

"தர்மபுரியில எங்களுக்குக் கடையும் இல்ல, ஆளும் இல்லன்னு கோர்ட்ல சொல்லப்போறோம். நான் வந்துபோறத நீங்க சொல்ல வேணாங்க."

"வந்துட்டுதானே இருக்கீங்க?"

சரக்கு நின்றுபோனால் உங்களுக்குத்தான் கஷ்டம் என்று மட்டும் சொன்னார். டீ ஆறிக் கிடந்தது.

12-6, புதன்

என் வக்கீல் வீடு. "கம்பெனிய இந்தக் கோர்ட்ல நிறுத்தி வெக்க உங்க சாட்சிதாங்க இருக்குது. அவங்க கழண்டுகிட்டா மிச்சம் நீங்கதான்." பயம். சாப்பிடத் தோன்றவில்லை.

16-6, ஞாயிறு

சர்ச்சில் பூசை. புஷ்பம் முன் வரிசையில். சமாதானம் சொல்லும் நேரம் எல்லோரும் கைகூப்பித் திரும்பினோம். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

18-6, செவ்வாய்

கூண்டில் ஏறினேன். ஏஜெண்டு வந்தது, ஆர்டர் எடுத்தது, காலண்டர் கொடுத்தது, எல்லாம் சொல்லிவிட்டேன். கம்பெனி வக்கீல்: "அவர் வெறும் கமிஷன் ஆளு. பெங்களூர்ல சரக்க லாரியில ஏத்துனதோட கம்பெனி வேலை முடிஞ்சுது. அப்படித்தானே?"

"எனக்குத் தெரியாதுங்க."

2-7, செவ்வாய்

தூறல். உத்தரவு வந்துவிட்டது. கம்பெனி மேல் இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லையாம். வேண்டுமானால் புஷ்பம் பெங்களூரில் போய்ப் போட்டுக்கொள்ளலாமாம். வெடித்தது இண்டூரில். வெந்தது இண்டூரில். வக்கீல் அப்பீல் என்கிறார். எத்தனை வருஷமோ. என் மேல் கேஸ் அப்படியே நடக்கும்.

கோர்ட்டுக்கு வெளியே புஷ்பத்தின் வீட்டுக்காரர் ஆரோக்கியம் வந்து நின்றார். கூலி வேலைக்குப் போகிறவர்.

"உங்க மேல கோவம் இல்லீங்கக்கா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பெங்களூருக்கு எப்படிங்க போறது? அங்க யாரத் தெரியும் எங்களுக்கு? இங்க இருக்கறது நீங்கதான்."

"கடைய வித்தாத்தான் உண்டு, ஆரோக்கியம்."

"தெரியுதுங்க." தலையைக் குனிந்துகொண்டார்.

இண்டூர் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆரோக்கியம் படிக்கட்டில். புஷ்பம் என் பக்கத்தில் நின்றாள். கம்பியைப் பிடிக்க விரல் மடங்காது. வளைவில் சாய்ந்தவளை இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன்.

"வுடுங்கக்கா. உங்களோட பேசறத யாராச்சும் பாத்தா கேஸுக்கு ஆகாதுன்னு எங்க வக்கீல் சொன்னாரு."

பேசவில்லை. இறங்கும்வரை பிடியை விடவும் இல்லை.