எந்தத் தெரு என்று தெரியவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் மூட்டுவலி இப்போது தேவலையா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

போன செவ்வாய், வேலையில் புதிதாகக் கொடுத்த பகுதிக்கு முதல்முறையாகத் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கப் போனபோது, பூட்டியிருந்த ஒரு வீட்டுப் படியில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. பயப்படாதீர்கள், எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை, கூப்பிடு தூரத்தில் ஆளும் இல்லை. அவசர எண்ணுக்குப் போன் செய்தேன்.

“எந்தத் தெருன்னு சொல்லத் தெரியலைங்க,” என்றேன்.

“பரவாயில்லம்மா,” என்றார் எடுத்த பெண்மணி. “நீ சும்மா இருந்தாலும் உன் போன் சுத்தி இருக்கிற டவரையும் வீட்டு வைஃபையையும் கவனிச்சுக்கிட்டேதான் இருக்கும். அதை வெச்சே நீ இருக்கிற இடம் எனக்குத் தெரியுது. ஆள் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம். சாப்பிட்டியா?”

இங்கே வந்த நான்கு மாதத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை அப்பா. பத்து நிமிடத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அம்மாவிடம் கால் விஷயம் வேண்டாம். வீட்டில் எல்லாரும் பேசுவதைப் பதிவுசெய்து அனுப்பும்படி தம்பியிடம் சொல்லுங்கள், சண்டையாக இருந்தாலும் சரி.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், கட்டு மாற்றக் கூப்பிடுகிறார்கள். கால் சரியானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக ஊர் சுற்றப் போகிறேன். வழி தவறினால் என்ன செய்வது என்ற பயத்தில் இதுவரை அந்தத் தைரியம் வந்ததில்லை.

உங்கள் மகள்