சூட்டில் இறக்கிய காற்று

மச்சி,

நீ போய்ச் சேர்ந்து நாலு மாதம் கழித்து, டயரில் காற்றுப் பார்க்கும் உன் பித்தளை கேஜ் என்னிடம் வந்திருக்கிறது. இன்று காலை ராயப்பேட்டை ஷெட்டுக்கு உன் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். உன் பீடி நாற்றம் இன்னும் போகவில்லை, பாவி.

கையில் வாங்கியதும் முட்டுக்காடு கல்யாணம்தான் ஞாபகம் வந்தது. சித்திரை வெயில். கல்யாண வாடகைக்கு நம் ஜெனரேட்டர் டிரெய்லரை ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போனோம். திருவான்மியூர் தாண்டி நிறுத்தினோம். நீ டீ சொல்லப் போனாய். நான் சும்மா இருக்காமல் டிரெய்லர் டயரில் கேஜை வைத்துப் பார்த்தேன். ஷெட்டில் ஐம்பது பவுண்டு வைத்த டயர் அறுபது காட்டியது. வெடித்துவிடுமே என்று பயந்து, இரண்டு டயரிலும் ஐம்பதுக்கு இறக்கிவிட்டேன். ஓடிய சூட்டில் ஏறிய அழுத்தம், டயர் ஆறினால் தானாக இறங்கிவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. காற்றுக் குறைந்த டயர் அத்தனை கனத்தையும் சுமந்து நசுங்கி நசுங்கி ஓடி, இன்னும் சூடேறி, உத்தண்டி அருகே வெடித்தது.

டிரெய்லர் இழுத்த இழுப்பில் ஜீப்பே ஆடியது. எதிரில் பஸ். "பிரேக்கு, பிரேக்கு" என்று நான் கத்தினேன். நீ பிரேக்கைத் தொடவே இல்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகத்தை மெல்ல விட்டு ஓரம் கட்டினாய். இறங்கி டயரைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய்.

"ஆணி ஏறிகீது மச்சி. ஜாக்கி எடு."

நான் ஜாக்கியை எடுத்து வந்தேன். காற்றை இறக்கியது நான்தான் என்று பத்து வருஷம் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு லோடுக்கும், வண்டி நகருமுன் கேஜை என் கையில்தான் கொடுப்பாய். "சூடு ஏறதுக்குள்ள பாத்துடு." வழியில் நிறுத்தினால் டயரைப் புறங்கையால் தொட்டு, "ஒண்ணு மட்டும் ரொம்ப சுட்டா சொல்லு. காத்துல மட்டும் கை வெக்காத" என்பாய். உனக்கு விஷயம் தெரிந்துவிடக் கூடாதே என்று நான் பெரிதாகத் தலையாட்டுவேன்.

காலையில் உன் மனைவியிடம் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு டயர் வெடிச்சது என்னாலதாம்மா."

அவள் சிரித்தாள். "தெரியும்ணா. வால்வு மூடி ரெண்டும் டயர்ல இல்ல, உங்க சட்டைப் பையில தெரிஞ்சுதாம். 'பயந்துபோய் எறக்கிட்டான், கேட்டா அவன் மூஞ்சி செத்துடும், நீயும் கேக்காத'ன்னாரு."

முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. பத்து வருஷம் என்னைத் தவிக்கவிட்டாயே. அப்புறம் ஜீப் படியில் உட்கார்ந்து அழுதேன். எழுந்தபோது மூச்சு லேசாக இருந்தது.

பிறகு அடையாறுக்கு ஒரு லோடு. டயர் ஜில்லென்று இருக்கும்போதே பார்த்தேன். ஐம்பது. "நான்தான்டா எறக்கினேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். மூடி இரண்டையும் திருகினேன். சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, உன் கேஜை அதில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.