சாம்பல் முயலுக்கு மூன்று மாதம்

தல்லாகுளம், மதுரை
1936, பங்குனி 11

இருளாயிக்கு நல்லகாமன் எழுதுவது.

நான் இங்கே சுகம். நீயும் மாமாவும் அத்தையும் உன் அண்ணன் சோணை மச்சானும் நல்லபடி இருக்க ஒச்சாண்டம்மன் துணையிருப்பாள்.

ஒரு நல்ல செய்தி. தை மாதம் இந்தத் துரை பங்களாவில் வேலைக்குச் சேர்ந்ததும் முயல்களை என்னிடம் ஒப்படைத்தார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதில் பெரிய பெட்டை மூன்று நாளைக்கு முன் குட்டி போட்டுவிட்டது. ஏழு குட்டிகள்! நம் ஊர்க் காட்டு முயல் இல்லை இது. சின்சில்லா என்று துரைசாணி சொல்கிறாள். அடுப்புச் சாம்பல் நிறம். ரோமத்தை வாயால் ஊதினால் உள்ளே வளையம் வளையமாகக் கருப்பும் வெள்ளையும் தெரியும். கையில் எடுத்தால் இலவம்பஞ்சு தோற்றுவிடும்.

குட்டி போடுவதற்கு முதல் நாள் அது செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். தன் மார்பு ரோமத்தைத் தானே வாயால் பிடுங்கிப் பிடுங்கி, பெட்டியில் போட்ட வைக்கோல்மேல் மெத்தை போட்டது. நான் பயந்துபோய்த் துரைசாணியைக் கூப்பிட்டேன். "தாய் அப்படித்தான் செய்யும், மேன்" என்று சிரித்தாள்.

உன் உடம்பும் தேறியிருக்கும். நீ எழுமலைக்குப் போய் மூன்று மாதம் முடிந்துவிட்டதே. பங்குனி கழிந்ததும் வண்டி கட்டிக்கொண்டு வந்து உன்னை உசிலம்பட்டிக்கு அழைத்துப்போவதாக ஆத்தா சொல்லியனுப்பினாள். எதிர்ப்பேச்சுப் பேசாமல் கிளம்பி வா.

நல்லகாமன்


எழுமலை
பங்குனி 19

மச்சானுக்கு இருளாயி எழுதிக்கொண்டது.

கடுதாசி கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் முயல், அரைப் பக்கம் நான். அந்த அரைப் பக்கத்திலும் வண்டிதான் வருகிறது. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூணாங்கிளாஸ் வரை படித்தது இதை வாசிக்கத்தானா என்று இருந்தது.

ஏழு குட்டியும் பிழைத்துக் கிடக்கிறதா? எல்லாம் பால் குடிக்கிறதா? ஒன்றிரண்டு சவலையாகப் போகும், அதைத் தனியாக எடுத்துத் தாயின் மடியில் வையுங்கள்.

என் உடம்பு தேறவில்லை. கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தூக்கி வந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. எங்க ஆத்தா கருப்பட்டியும் உளுந்துமாகக் கிண்டிப் போடுகிறாள். நான் இப்போது வரமாட்டேன். அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

மேல்விலாசம் வழக்கம்போல அண்ணன் எழுதியது. கட்டினவன் பேரைப் பெண்டாட்டி எழுதினால் அவன் ஆயுசு குறையுமாம், ஆத்தா திட்டுகிறாள். "அவுக ஆயுசுக்கு நானா காவக்காரி?" என்று கேட்டேன். ஆனாலும் எழுதக் கை வரவில்லை.

உங்கள் இருளாயி


தல்லாகுளம்
சித்திரை 2

இருளாயிக்கு,

துரையும் துரைசாணியும் நேற்றுக் கோடைக்கானல் மலைக்குப் போய்விட்டார்கள். வெயில் தணிந்து ஆனியில்தான் இறங்குவார்கள். முயல்களுக்கு இனி நான்தான் துரை!

வேலை லேசு இல்லை. குளிர் தேசத்துப் பிறவி, நம் சித்திரை வெயிலைத் தாங்காது. கூண்டைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்ட வேண்டும், காய்ந்தால் திரும்ப நனைக்க வேண்டும். காது சூடேறி மூச்சு வாங்கினால் ஆபத்து. காலையில் அறுகம்புல், மாலையில் குதிரைமசால், பனி ஈரம் உள்ள புல் கொடுக்கக் கூடாது. அண்ணன் தங்கை முயல்களை ஒரே கூண்டில் வளரவிடக் கூடாது. எல்லாவற்றையும் துரைசாணி சொல்லச் சொல்லச் சமையல்காரன் சுருளி ஒரு நோட்டில் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறான். அதில் இரண்டு கோடு போட்ட வரி ஒன்று: குட்டி போட்ட பெட்டையை மூன்று மாதத்துக்குக் கடுவனிடம் விடக் கூடாது, விட்டால் தாய் தேயும், அடுத்த ஈற்றில் செத்தும் போகும்.

நேற்றுச் சுருளி விளையாட்டாகக் கடுவன் கூண்டைத் திறக்கப் போனான். "டேய், பச்சை உடம்புக்காரிடா அவ! கொல்லப் பாக்குறியா?" என்று அவனை விரட்டினேன். நோட்டு இல்லாமலேயே எனக்கு இப்போது எல்லாம் மனப்பாடம். நீ பார்த்தால் மெச்சிக்கொள்வாய்.

சித்திரை பத்துக்கு மேல் ஆத்தா எழுமலைக்கு வருகிறாள். பிடிவாதம் பண்ணாதே.

நல்லகாமன்


எழுமலை
சித்திரை 8

மச்சானுக்கு,

உங்கள் கடுதாசியை நாலு தடவை வாசித்தேன். இரண்டு கோடு போட்ட அந்த வரியை மட்டும் பத்துத் தடவை.

எனக்கு எந்தத் துரைசாணி நோட்டு எழுதினாள் மச்சான்?

மூத்தவள் பிறந்து பதினொரு நாள் இருந்தாள். முப்பத்தோராம் நாள் உங்க ஆத்தா வண்டியோடு வந்து நின்றது, பருத்தி எடுக்க ஆள் இல்லையாம். வண்டியிலிருந்து இறங்கி, வாசலில் நின்று, "வாரேன்னு சொல்லு இருளாயி" என்று சிரித்தது யார், நீங்கள்தானே? அடுத்த வருஷம் எட்டு மாதத்தில் பையன் செத்தே பிறந்தான். உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "ரெண்டு வருசம் இந்தப் புள்ளைய விட்டுருங்க, உடம்புல ஒண்ணுமில்ல" என்று சொன்னபோது நீங்கள் கதவோரம்தான் நின்றீர்கள். இரண்டு வருஷம் வேண்டாம், இரண்டு மாதம் விட்டீர்களா? மூன்றாவது, போன மார்கழியில், ஐந்து மாதத்தில், களத்து மேட்டிலேயே போனது. நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் சேலையைப் பிடித்து மறைத்தார்கள். அது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குச் சொல்லவில்லை.

சுருளியை விரட்டினீர்களாமே, பச்சை உடம்புக்காரி என்று. அந்த வார்த்தை உங்களுக்குத் தெரியும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. வயிறு எரிகிறது மச்சான். ஒரு முயலைப் பார்த்துப் பொறாமைப்படுகிற பொம்பளை இந்தச் சீமையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உங்கள்மேல் ஆசை இல்லை என்று நினைக்க வேண்டாம். இருக்கிறது, அதுதான் பயம். நீங்கள் வாசலில் வந்து நின்று சிரித்தால் நான் வண்டி ஏறிவிடுவேன். ஏறினால் நாலாவதோடு நானும் போய்விடுவேன்.

அதனால் கேட்கிறேன். எனக்குத் துரும்பு கொடுத்துவிடுங்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? புருஷன் நாலு பேர் அறிய ஒரு துரும்பைக் கிள்ளிக் கொடுத்தால் கட்டு விட்டது, அப்புறம் எந்த வண்டியும் இந்த வாசலுக்கு வர முடியாது.

இருளாயி


தல்லாகுளம்
சித்திரை 20

என் இருளாயிக்கு,

பத்து நாளாகக் கையில் எழுதுகோல் எடுக்க முடியவில்லை.

துரும்பு என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? கொடுக்க மாட்டேன். நர்ஸம்மா சொன்னது என் காதில் சரியாக விழவில்லை. விழுந்திருந்தால் விட்டிருப்பேனா? ஆத்தாவை நிறுத்திவிட்டேன். வண்டி வராது. அது போதாதா?

இன்னொன்றும் கேள். மலையிலிருந்து துரை காகிதம் போட்டிருக்கிறார். ஆவணிக்குள் இன்னும் எட்டுக் குட்டி வேண்டுமாம், சிநேகிதர்களுக்குக் கொடுக்க. அப்படிக் கொடுத்தால் பங்களாப் பின்புறத்து அறையை எனக்கே விட்டுவிடுவாராம். சுண்ணாம்பு அடித்த அறை, பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். நீ குடம் தூக்க வேண்டாம், பருத்தி எடுக்க வேண்டாம், ஆத்தாளும் அங்கே இல்லை. நீயும் நானும் மட்டும். உன்னை விரல்கூடத் தொடமாட்டேன், இரண்டு வருஷம், சத்தியம்.

மற்றப் பெட்டைகள் எல்லாம் இன்னும் ஆறு மாதம்கூட நிறையாதவை, சேர்க்கக் கூடாது. அதனால் சித்திரை பதின்மூன்றில் பெரியதையே கடுவன் கூண்டில் விட்டேன். குட்டி போட்டு ஐந்து வாரம்தான் ஆகிறது, தெரியும். கொழுகொழுவென்றுதான் இருக்கிறது. ஒரு தடவைதானே? இதற்கப்புறம் ஒரு வருஷம் ஓய்வு கொடுத்துவிடுகிறேன். உனக்காகத்தான் இருளாயி.

நல்லகாமன்


எழுமலை
சித்திரை 28

மச்சானுக்கு,

பாவி மனுசா, என்ன காரியம் செய்தீர்கள்?

"ஒரு தடவைதானே", "கொழுகொழுன்னுதான் இருக்கா". இதே இரண்டு பேச்சையும் உங்க ஆத்தா எங்க ஆத்தாவிடம் பேசியபோது நான் அடுப்படியில் இருந்தேன்.

எனக்காக என்று எழுதாதீர்கள். நான் அறை கேட்கவில்லை. குழாய் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

ஆனது ஆகிவிட்டது, இனி அதையாவது பாருங்கள். இப்போதே ஏழு குட்டியையும் தாயைவிட்டுப் பிரித்துவிடுங்கள், உள்ளே ஒன்று வெளியே ஏழு என்று அது எத்தனைக்குத்தான் ஊறும்? வெயில் ஏறும் முன்பே சாக்கை நனையுங்கள். ஊற வைத்த கொண்டைக்கடலை நாலு கொடுங்கள். கத்திரி வெயிலில் அது ஈனப்போகிறது. எனக்கு ராவெல்லாம் அதே நினைப்பாக இருக்கிறது.

இருளாயி


தல்லாகுளம்
வைகாசி 15

இருளாயி,

அது போய்விட்டது.

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். குட்டிகளைப் பிரித்தேன், கடலை கொடுத்தேன், ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை சாக்கை நனைத்தேன். பதின்மூன்றாம் தேதி காலையில் பெட்டிக்குள் போய் மெத்தை போட ஆரம்பித்தது. மார்பில் பிடுங்க ரோமம் இல்லை. போன ஈற்றில் பிடுங்கியதே இன்னும் முளைக்கவில்லை. வெறும் தோலை இழுத்து இழுத்துப் பார்த்தது. பிறகு வைக்கோலை மட்டும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய் அடுக்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

உச்சி வெயிலில் இரண்டு குட்டி வந்தது. மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது, சத்தமே போடவில்லை. முயல் லேசில் கத்தாதாம். மூன்று மணிக்குச் சுருளி, "அண்ணே, போயிருச்சுண்ணே, சாக்க அவுத்துரு" என்றான். தோலை உரித்து உப்புப் போட்டு வைக்கலாம் என்றும் சொன்னான். நான் வேப்பமரத்தடியில் முழுசாகப் புதைத்துவிட்டேன். துரைக்கு எழுதியாயிற்று. அறையும் வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

குழி தோண்டும்போது நீ களத்து மேட்டில் கிடந்தது கண்ணில் வந்தது. அன்றைக்கு நான் அங்கே தூற்றுவதை நிறுத்தவில்லை. இடத்தை மாற்றிக்கொண்டு தூற்றினேன். உன் கடிதத்தில் அதை எழுதாமல் விட்டிருந்தாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நர்ஸம்மா சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

உறைக்குள் ஒரு துரும்பு இருக்கிறது. அதன் பெட்டியிலிருந்து எடுத்தது. நாலு பேர் முன்னால் வந்து கொடுக்க வேண்டியதுதான் முறை. ஆனால் நான் அந்த வாசலுக்கு வந்தால், உன்னைப் பார்த்தால், சிரித்துத் தொலைப்பேன். அதனால் தபாலில் அனுப்புகிறேன். சோணை மச்சான் பெரியவர்களைக் கூட்டி இந்தக் கடிதத்தை வாசிக்கட்டும். நல்லகாமன் மனசறிந்து கொடுத்தான், இருளாயிமேல் குற்றம் இல்லை என்று இந்த வரியையே படிக்கச் சொல். ஆத்தாளுக்கும் தனியாக எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குடம் தூக்காதே.

நல்லகாமன்


எழுமலை
வைகாசி 27

துரும்பு வந்து சேர்ந்தது. நேற்று ஊர்கூடும் மந்தையில் பெரியவர்கள் நாலு பேர் இருக்க, அண்ணன் உங்கள் கடுதாசியைப் படித்தது. குற்றம் இல்லை என்ற இடம் வந்ததும் அண்ணன் கடுதாசியைத் தபால்காரரிடம் நீட்டிவிட்டது. மீதியை அவர்தான் படித்தார். "வாங்கிக்கிறயா தாயி?" என்று கேட்டார்கள். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எங்க ஆத்தா மடியில் விழுந்து அழுதேன். உங்களுக்காகவும் அழுதேன், பொய் சொல்வானேன்.

அந்த இரண்டு குட்டியும் உயிரோடு இருக்கிறதா? பசும்பால் கொடுக்காதீர்கள், கழிந்துவிடும். ஆட்டுப்பாலில் பாதிக்குப் பாதி வெந்நீர் கலந்து, பஞ்சுத் திரியை நனைத்து வாயோரம் வையுங்கள். மூத்தவள் மார்பு பிடிக்காதபோது நான் அப்படித்தான் வைத்தேன், பதினொரு நாளும். பெட்டைக் குட்டியாக இருந்தால், வளர்ந்த பிறகு அவசரப்படாதீர்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அண்ணன் உழவுக்குப் போயிருக்கிறது. மேல்விலாசத்தை நானே எழுதிவிட்டேன்.

இருளாயி