பூட்டை நான் எடுத்துக்கொண்டேன்

மனை எண் 31, ஆல்டர் க்ரீக் குடியிருப்பு,
மின்னசோட்டா.
ஜூன் 16, 1993

அன்புள்ள ரோலண்டு,

நானும் பிள்ளைகளும் சுகம். உன் சரக்குக் கப்பல் துலூத் துறைமுகத்தில் நின்றபோது நீ போட்ட கடிதம் வந்தது. "நம்ம வீடு லாரியில வந்து எறங்குன தகர டப்பா, ஒரு காத்துக்குத் தாங்காது. மாசக் கடைசிக்குள்ள எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடு" என்று எழுதியிருந்தாய். நாங்கள் போகவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சூறாவளிச் சங்கு ஊதியது. மாதாமாதம் ஊதும் சோதனைச் சங்கு இல்லை, நிஜம். மேற்கே வானம் பச்சையாகிவிட்டது. நீல்ஸை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஹைடியைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு வருடம் மனுக்கொடுத்து நாங்கள் கட்டவைத்த கான்கிரீட் புகலிடத்துக்கு ஓடினேன். அங்கே நாற்பது பேர் மழையில் நிற்கிறார்கள். கதவு பூட்டியிருக்கிறது! திறந்திருந்தால் பையன்கள் உள்ளே போய் சிகரெட் பிடிப்பார்களாம். அதனால் மேலாளர் கிளாரிஸ் பூட்டிவிட்டு, சாவியோடு தங்கை வீட்டு விருந்துக்குப் போய்விட்டாள். குடியிருப்பு வாசலில் மட்டும் 'குடும்பங்களுக்கு ஏற்ற இடம்' என்று ஆளுயரப் பலகை.

பக்கத்து மனை ஆர்லோவை உனக்குத் தெரியுமே, வீடுகளை லாரியிலிருந்து இறக்கிப் பொருத்துகிறவர். "பூட்ட ஏம்மா மொறச்சிட்டு நிக்கிற? கீலு வெளியதான இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சுத்தியலால் கீல் ஆணிகளைத் தட்டிக் கழற்றினார். கதவு கையோடு வந்துவிட்டது. எல்லோரும் உள்ளே போனதும் அதை இழுத்து நிறுத்தி, கைப்பிடியில் இடுப்பு வார்களைக் கட்டி எட்டுப் பேர் பிடித்துக்கொண்டோம். அதில் நானும் ஒருத்தி. இருபது நிமிடம் காற்று உறுமியது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன், வாரை மட்டும் விடவில்லை.

தெற்கே ஒரு மைலில் ஒரு மாட்டுக்கொட்டகையே போய்விட்டது. நமக்கு வீட்டின் அடிப்பக்கத் தகடு இரண்டு பறந்ததோடு சரி.

ஆர்லோ கதவைத் திரும்ப மாட்டினார். பூட்டை மட்டும் கொண்டியோடு நான் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் கிளாரிஸ் வாசலில் வந்து நின்றாள். "அது கம்பெனி சொத்து இங்ரிட், மரியாதையா குடுத்துடு, இல்லன்னா மொதலாளிகிட்டச் சொல்வேன்" என்றாள். "தாராளமா சொல்லு. ஞாயித்துக்கெழம சாவி எங்க போயிருந்துச்சுன்னும் சேத்துச் சொல்லு" என்றேன். அதற்குள் தெருப் பெண்கள் எல்லாம் பிள்ளைவண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். 'புகலிடம் இரவும் பகலும் பூட்டப்படாது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அந்தக் காகிதத்தைக் கதவிலேயே ஒட்டியிருக்கிறோம். ஜெயித்துவிட்டோம் ரோலண்டு! நேற்று எல்லோரும் ஆளுக்கொரு பண்டம் செய்து தெருவிலேயே விருந்து வைத்தோம். கிளாரிஸும் புளிப்பு ருபார்ப் தண்டில் செய்த ஒரு பணியாரத்தோடு வந்தாள். நன்றாகவே இருந்தது, பாவம்.

உன் அண்ணன் வீட்டில் நிலவறை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தெருவில் யாருக்கும் யார் பெயரும் தெரியாது. பிள்ளைகள் இங்கேதான் வளர்வார்கள்.

இன்னொன்று. நவம்பர்ப் புயலில் உன் கப்பல் போகும் அந்த ஏரி எப்படி இருக்கும் என்று நீ எழுதுவதே இல்லை, நானும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஆர்லோவுக்கு வேலைக்கு ஆள் வேண்டுமாம். இந்த வருடம் அக்டோபரோடு கப்பலை விட்டு இறங்கி வந்துவிடு. அங்கே உன்னை இழுத்துப் பிடிக்க எங்களில் ஒருவரும் இல்லை.

கடவுள் உன்னைக் கரைசேர்க்கட்டும்.

உன்,
இங்ரிட்