இரண்டு விரற்கடை

4 செப்டம்பர் 2006, திங்கள்

இன்று மூன்று கதிரை விற்றேன். கடைசியாக உட்கார்ந்து பார்த்து வாங்கிய பெண்மணி, "இவ்வளவு எளிமையானதற்கா இந்த விலை?" என்றார். சுவிஸ்காரர் ஒரு பொருளிலிருந்து எதையெல்லாம் நீக்கலாம் என்றுதான் முதலில் யோசிப்பார்கள், நீக்கியதற்கும் சேர்த்துத்தான் விலை என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

கடை முதலாளி எட்வேட்டுக்கு மகிழ்ச்சி. "சூரிச் அலுவலகத்தில் இருந்தவன் பேச்சே வேறு, நித்தி," என்றார். பிறகு சொன்னார்: சூரிச்சிலிருந்து கெல்லர் அம்மா வருகிறாராம். தான் வடிவமைத்த புதுக் கதிரையை 21ஆம் திகதி எங்கள் கடையில் அறிமுகம் செய்கிறாராம். "உன் பழைய முதலாளி. சந்தோசம்தானே?"

ஓம் என்று தலையாட்டினேன்.

5 செப்டம்பர்

இங்கேயாவது உள்ளதை எழுதுகிறேன். கெல்லர் அம்மாவின் கட்டடக்கலை அலுவலகத்தில் பதினொரு வருடம் இருந்தேன். துடைத்தேன். மாலையில் எல்லாரும் போன பிறகு தரை, மேசை, கழிவறை, பிறகு கதிரைகள். சுவிஸில் எங்கள் ஆட்கள் இதைப் "பூரோ வேலை" என்பார்கள். பூரோ என்றால் அலுவலகம். பூரோ வேலை என்றால் அலுவலகம் துடைப்பது. அங்கே ஒருவரும் இதற்கு விளக்கம் கேட்பதில்லை.

லண்டனுக்கு வந்த முதல் வாரம், ரெய்னர்ஸ் லேனில் சகலன் பரமேஸ்வரன் கேட்டார்: "அங்கை என்ன வேலை செய்தனீர்?"

"ஆர்க்கிடெக்ட் பூரோவிலை, அண்ணை."

அவர் கதிரையை விட்டு எழும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிழை அவருடைய காதில்தான் நடந்தது. திருத்தாமல் விட்டவன் நான். எட்வேட்டின் கடைக்கு மின்சார வேலை செய்தவர் அவர்தான். என்னைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியதும் அவர்தான். விண்ணப்பத்தில் "கட்டடக்கலை அலுவலகம், சூரிச், பதினொரு வருடம்" என்று எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் என்னுடைய கெட்டித்தனம். தூ.

9 செப்டம்பர், சனி

மனைவி ஜெயகௌரியிடம் சொன்னேன். அவளும் என்னோடு அதே பூரோவில் துடைத்தவள். நான் ஈரத்துணியோடு முன்னால் போக, அவள் காய்ந்த துணியோடு பின்னால் வருவாள். ஈரம் நின்றால் கதிரை மரத்தில் வெள்ளைத் தடம் விழும். பதினொரு வருடம் அப்படித்தான்.

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ," என்றாள். "அக்காவுக்கு முன்னாலை துடைப்புக்காரியாய் நிக்க என்னாலை ஏலாது."

20 செப்டம்பர்

நாளைக்குக் காய்ச்சல் என்று சொல்லலாமா? நாற்பத்திமூன்று வயதில் பள்ளிக்கூடத்துக் கள்ளம்.

22 செப்டம்பர், வெள்ளி

நேற்றையதை எழுதக் கை வருகுதில்லை. எழுதத்தான் வேண்டும்.

ஐம்பது பேர் வந்திருந்தார்கள். நான் வைன் கிளாஸ்களோடு தூணுக்குப் பின்னால் நின்றேன். கெல்லர் அம்மா புதுக் கதிரையை மேசைமேல் தூக்கி வைத்தார். இருக்கைக்கும் முதுகுப் பலகைக்கும் இடையில் ஒரு இடைவெளி. "இது ஏன் இவ்வளவு அகலம் என்று எல்லாரும் கேட்கிறார்கள்," என்றார். "முதலில் இது ஒரு கோடுபோல ஒடுக்கமாகத்தான் இருந்தது. எங்கள் அலுவலகத்தைத் துப்புரவாக்க வந்த ஒருவர் துணியோடு கையை விட்டுக் காட்டினார். கை போகவில்லை. அன்றைக்கே இரண்டு விரல் அகலம் கூட்டினேன். இந்தக் கதிரையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டு விரல்தான்."

கை தட்டினார்கள்.

அது நான். 2003ஆம் ஆண்டு, மாதிரிக் கதிரையைத் துடைத்தபோது கை இறுகி, விரல் மொளியில் தோல் உரிந்தது. என் அரைகுறை ஜெர்மனில் "துணி போகாது" என்றேன். அவர் அங்கேயே குந்தியிருந்து பென்சிலால் கோடு போட்டார். அதோடு மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். மூன்று வருடமாய் நினைவில் வைத்திருந்திருக்கிறார்.

பேச்சு முடிந்ததும் எட்வேட் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினார். "நித்தி, நீயும் அந்தக் காலத்தில் அங்கேதானே இருந்தாய். அந்த ஆளைத் தெரியுமா?"

கெல்லர் அம்மாவின் முகம் மலர்ந்தது. கையை நீட்டப் போனார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். "இல்லை. கண்ட ஞாபகம் இல்லை."

என்ரை வாய்தான் சொன்னது. வேறை ஆரின்ரை வாய்?

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். எட்வேட்டிடம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்: "அவர் எல்லாரும் போன பிறகுதான் வருவார். இவர் கண்டிருக்க மாட்டார்."

எனக்காகப் பொய் சொன்னார், அந்த மனுசி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

25 செப்டம்பர்

எட்வேட்டிடம் உண்மையைச் சொல்லப் போனேன். வாடிக்கையாளர் வந்தார். வராவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

2 ஒக்ரோபர்

எட்வேட்டிடம் சொன்னேன். நின்றபடி, மூன்றே வசனம்.

கெல்லர் அம்மாவின் கதிரையில் போய் உட்கார்ந்தார். "எல்லாரும் கை தட்டும்போது ஏன் பேசாமல் நின்றாய்?" என்று மட்டும் கேட்டார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. போகும்போது என்றும்போல "நாளை பார்ப்போம்" என்றும் சொல்லவில்லை.

8 ஒக்ரோபர், ஞாயிறு

பரமேஸ்வரன் அண்ணையின் மகள் விதுஷாவுக்குப் பிறந்தநாள். அவர் போன வாரம்தான் கெல்லர் அம்மாவின் கதிரையை, கடையில் எனக்குத் தரும் விலைக்கழிவில் வாங்கியிருந்தார். நடுக் கூடத்தில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் "என்ரை சகலன்ரை பூரோ செய்த கதிரை" என்று காட்டினார். அதில் ஒருவரையும் உட்கார விடவில்லை. கோயில் திருவிழாவில்கூட அவரை அவ்வளவு சந்தோசமாக நான் கண்டதில்லை.

பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடியதில் இறைச்சிக் குழம்பு அதன்மேல் கொட்டி, இடைவெளிக்குள்ளும் இறங்கியது. ஜெயகௌரியின் அக்கா, மச்சாள் சிவமலர், டிஷ்யூவால் தேய்க்கத் தேய்க்கக் குழம்பு பரவியது. குசினிக்குப் போய்த் துணியை நனைத்துப் பிழிந்து வந்தேன். முழங்காலில் நின்று கையை விட்டேன். இலகுவாகப் போனது.

"இந்தக் கை பழகின கை மாதிரியெல்லோ கிடக்கு," என்று மச்சாள் சிரித்தார்.

"ஓம். பதினொரு வருசம் இதுதான் என்ரை வேலை."

பரமேஸ்வரன் அண்ணை என்னைக் குனிந்து பார்த்தார். "பூரோ எண்டெல்லோ சொன்னனீர்?"

"பூரோவைத் துடைச்சனான், அண்ணை. நீங்கள் பிழையாய் விளங்கினது தெரிஞ்சும் நான் பேசாமல் இருந்திட்டன்."

அவர் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து ஒருவர் முகத்தையும் பார்க்க எனக்குத் துணிவில்லை. குனிந்தபடியே துடைத்தேன்.

பக்கத்தில் யாரோ முழங்காலிட்டார்கள். ஜெயகௌரி. கூறைச் சேலையைச் செருகிக்கொண்டு, கையில் காய்ந்த துணியோடு.

"தள்ளுங்கோ," என்றாள். "தடம் விழப்போகுது."